திருவையாறு தியாகராஜர் ஆராதனை: கட்டணமில்லா இசைவிழா ஒன்றின் தோற்றம்

திருவையாறு தியாகராஜர் ஆராதனை என்பது, கருநாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான தியாகராஜரின் (1767–1847) நினைவுநாளையொட்டித் தஞ்சாவூர் மாவட்டம் திருவையாற்றில் காவிரிக் கரையில் ஆண்டுதோறும் நடைபெறும் இசைவிழா. இவ்விழாவில் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் சன்மானம் கிடையாது. கேட்க வருபவருக்கு நுழைவுச்சீட்டும் கிடையாது. பெயர்பெற்ற வித்துவானும் இசை பயிலும் மாணவரும் ஒரே பந்தலில் அமர்ந்து பாடுகின்றனர்.

கேட்பவருக்கு இவ்விழா தொடக்கத்திலிருந்தே கட்டணமின்றித் திறந்திருந்தது. பாட விரும்பிய எல்லோருக்கும் அப்படித் திறந்திருக்கவில்லை. பெண்களுக்கு மேடை மறுக்கப்பட்ட காலம் உண்டு. வித்துவான்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து தனித்தனியே விழா எடுத்த காலமும் உண்டு. இன்றைய வடிவம் 1940–41இல்தான் உருவானது. அந்த வடிவத்தை அடைந்த வரலாற்றையும், அதில் திருவையாற்றுக்கு மேற்கே உள்ள லால்குடி, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிக்குள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆராதனை என்னும் சொல்

இல்லறத்தார் இறந்தால் உடலை எரிப்பதும், ஆண்டுதோறும் அவருடைய மகன் திவசம் கொடுப்பதும் வழக்கம். துறவு பூண்டவருக்கு இந்த முறை பொருந்தாது. துறவியின் உடல் எரிக்கப்படுவதில்லை. மண்ணில் அடக்கம் செய்யப்படுகிறது. அந்த இடம் சமாதி அல்லது அதிட்டானம் எனப்படும். துறவி சித்தியடைந்த திதியில் அங்கு நடக்கும் வழிபாடே ஆராதனை. கரூருக்கு அருகிலுள்ள நெரூரில் சதாசிவ பிரம்மேந்திரருக்கு நடைபெறும் ஆராதனையும் இம்முறையைச் சேர்ந்ததே.

தியாகராஜர் வாழ்நாள் முழுவதும் இல்லறத்தாராக இருந்தவர். இறப்பதற்குச் சற்று முன்புதான் துறவு மேற்கொண்டார். 1847 சனவரி 6ஆம் நாள், புஷ்ய மாதத்துப் பகுள பஞ்சமியன்று அவர் மறைந்தார். துறவியாதலால் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பட்டு, அவ்விடத்தில் சிறிய நினைவிடம் ஒன்று எழுப்பப்பட்டது.

இந்தச் செய்தி விழாவின் வரலாற்றில் அடிப்படையானது. இல்லறத்தாராகவே மறைந்திருந்தால் அவர் உடல் எரியூட்டப்பட்டிருக்கும். சீடர்கள் திரும்பி வந்து கூடுவதற்கென்று ஓரிடம் இருந்திருக்காது. நினைவுநாள் குடும்பத்தாரின் சடங்காகவே நின்றிருக்கும். கடைசி நாட்களில் பூண்ட துறவு அவருக்கு ஒரு சமாதியைத் தந்தது. அந்தச் சமாதியைச் சுற்றியே பின்னாளில் விழா வளர்ந்தது.

தியாகராஜரின் வாழ்க்கைமுறை

தியாகராஜர் திருவாரூரில் பிறந்தார். இளமையிலேயே குடும்பம் திருவையாற்றுக்கு வந்து திருமஞ்சன வீதியில் குடியேறியது. சொண்டி வேங்கடரமணய்யாவிடம் இசை பயின்றார். தஞ்சை மராட்டியர் அரசவை இசைவாணர்களை ஆதரித்த காலம் அது. அரசவையின் அழைப்பையும் பொருளையும் அவர் ஏற்க மறுத்தார் என்பது அவருடைய சீடர் மரபில் வழங்கும் செய்தி.

அவருடைய குடும்பமும் உடனிருந்த சீடர்களும் உஞ்சவிருத்தியால் வாழ்ந்தனர். காலையில் இறைவன் பெயரைப் பாடிக்கொண்டு தெருக்களில் நடந்து, வீட்டார் செம்பில் இடும் அரிசியைப் பெற்று, அன்றன்று சமைத்து உண்பது உஞ்சவிருத்தி. இதில் பாட்டுக்கு விலை இல்லை. அரிசி இட்டவரும் இடாதவரும் ஒரே பாட்டைத்தான் கேட்டனர்.

ஆராதனையின் கட்டணமின்மைக்கு இந்த வாழ்க்கைமுறை முன்மாதிரியாக அமைந்தது. இன்றும் ஆராதனை நாளன்று காலையில் திருமஞ்சன வீதியிலுள்ள அவரது வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டுச் சமாதியை அடைகிறது. அதன் பின்னரே பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடப்படுகின்றன.

லால்குடியும் சீடர் மரபும்

தியாகராஜர் மறைந்தபின் அவருடைய கீர்த்தனைகளைக் காத்தவை சீடர்களின் வீடுகள். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை ஆகிய மூன்று ஊர்களின் பெயரால் மூன்று சீடர் பரம்பரைகள் குறிப்பிடப்படுகின்றன. இவற்றுள் தில்லைஸ்தானம் (திருநெய்த்தானம்) திருவையாற்றை அடுத்த சிற்றூர். உமையாள்புரம் கும்பகோணம் பகுதியில் உள்ளது. வாலாஜாபேட்டை வடக்கே பாலாற்றுப் பகுதியில் இருக்கிறது. இந்த மூன்றையும் தவிர வேறு ஊர்களிலும் சீடர்கள் இருந்தனர். அவற்றுள் ஒன்று லால்குடி.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கொள்ளிடத்துக்கு வடக்கே லால்குடி அமைந்துள்ளது. இதன் பழைய பெயர் திருத்தவத்துறை. இங்குள்ள கோயிலின் இறைவன் சப்தரிஷீசுவரர். இறைவி பெருந்திருப் பிராட்டியார், வடமொழியில் பிரவிருத்த ஸ்ரீமதி. லால்குடி ராமய்யர் தியாகராஜரின் சீடர்களுள் ஒருவர். அவருடைய அழைப்பின்பேரில் தியாகராஜர் லால்குடிக்கு வந்து, இவ்வூர் இறைவன் மீதும் இறைவி மீதும் ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். கல்யாணி, தோடி, காம்போதி, பைரவி, மத்தியமாவதி ஆகிய இராகங்களில் அமைந்த இவை லால்குடிப் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன. திருவரங்கத்து அரங்கநாதர் மீதும் அவர் ஐந்து கீர்த்தனைகள் பாடியுள்ளார். அவை ஸ்ரீரங்கப் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன. திருவையாற்றில் கூட்டாகப் பாடப்படும் கனராகப் பஞ்சரத்தினம் இவ்விரண்டிலிருந்தும் வேறானது. மாணவர்கள் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

லால்குடி ராமய்யரின் பரம்பரையில் வாளாடி ராதாகிருஷ்ண ஐயர், லால்குடி கோபால ஐயர், வயலின் மேதை லால்குடி ஜெயராமன் (1930–2013) என இசை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. சீடர் மரபு எப்படி இயங்கியது என்பதற்கு இக்குடும்பம் நல்ல எடுத்துக்காட்டு. தியாகராஜரிடம் நேரில் கற்ற ஒருவர் தம் ஊருக்குத் திரும்பினார். மகனுக்கும் மாணவருக்கும் கற்பித்தார். இப்படிப் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. ஆனால் நினைவுநாளும் ஊர் ஊராகச் சிதறியது. ஒவ்வொரு சீடரும் தம் வீட்டிலேயே குருவின் திதியைக் கொண்டாடினர். திருவையாற்றுச் சமாதியில் கூடும் வழக்கம் ஏற்படவில்லை.

சமாதி பாழான காலம் (1847–1903)

தியாகராஜருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள்வழிப் பேரனும் சந்ததியின்றி இறந்தார். 1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி மறைந்தபின் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமானது. அரசவையை நம்பியிருந்த இசைவாணர்கள் வேறு ஆதரவாளர்களைத் தேட வேண்டியதாயிற்று. பலர் மைசூர், திருவிதாங்கூர் அரசுகளையும் சமீன்களையும் நாடினர். சென்னைக்குச் சென்றவர்களும் உண்டு.

கோயில் என்றால் மானிய நிலம் இருக்கும். பூசைக்கு முறைக்காரர் இருப்பார். கணக்குப் பார்க்கத் தருமகர்த்தா இருப்பார். ஆற்றங்கரையில் தனித்து நின்ற இந்தச் சமாதிக்கு இவற்றில் எதுவும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் திருவையாற்றுக்கு வந்தனர். தியாகராஜரிடம் நேரில் கற்றவர்களில் அப்போது எஞ்சியிருந்த மிகச் சிலருள் இவ்விருவரும் அடங்குவர். இருவருக்கும் முதுமைக் காலம். குருவின் சமாதி இடிந்து புதர் மண்டிக் கிடப்பதைக் கண்டு அதைச் செப்பனிட ஏற்பாடு செய்தனர். இனி நினைவுநாளைச் சமாதியிலேயே கொண்டாடுவது என்றும் முடிவு செய்யப்பட்டது. இதுவே ஆராதனை விழாவின் தொடக்கம்.

முதல் விழாக்களும் கட்டணமின்மையும்

அடுத்த சில ஆண்டுகளில் விழா விரிவடைந்தது. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவருடைய தம்பி பஞ்சு பாகவதரும் இதற்கு முன்நின்றனர். நரசிம்ம பாகவதர் தியாகராஜரின் வரலாற்றையும் கீர்த்தனைகளையும் தொகுத்து 1908இல் நூலாக வெளியிட்டவர். வேத பாராயணம், பூசை, ஏழைகளுக்கு உணவளித்தல், இசை, கதாகாலட்சேபம் என விழாவின் உறுப்புகள் இக்காலத்தில் வடிவம் பெற்றன.

இந்த விழாவில் கட்டணம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, இது அடிப்படையில் ஒரு நினைவுநாள் வழிபாடு. குருவின் திதிக்கு வருபவரிடம் பணம் வாங்குவது நம் மரபில் எண்ணிப் பார்க்க முடியாதது. வந்தவருக்கு உணவளிப்பதே முறை.

இரண்டாவது, பாடியவர்கள் தங்களைக் கச்சேரி செய்பவர்களாகக் கருதவில்லை. குருவுக்கோ குருவின் குருவுக்கோ செலுத்தும் அஞ்சலியாகவே அது இருந்தது. அஞ்சலிக்குச் சன்மானம் இல்லை. அக்காலத்தில் சென்னையில் சபாக்கள் தோன்றி உறுப்பினர் சந்தா, நுழைவுச்சீட்டு, வித்துவானுக்குப் பேசிய தொகை என்ற புதிய முறை வேர்விட்டுக்கொண்டிருந்தது. திருவையாறு அதற்கு நேர்மாறான முறையை வைத்துக்கொண்டது.

மூன்றாவது, விழா நடந்தது அரங்கில் அன்று, ஆற்றங்கரைத் திடலில். சுவரும் வாசலும் இல்லாத இடத்தில் யாரையும் நிறுத்திச் சீட்டுக் கேட்க இயலாது. உழவர்களும் வணிகர்களும் அக்கம்பக்கத்து ஊரார் எல்லோரும் வந்து நின்று கேட்க முடிந்தது. 1860களின் தொடக்கத்திலேயே நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகியவை ரயில் பாதையால் இணைக்கப்பட்டுவிட்டன. தஞ்சாவூரில் இறங்கினால் திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர்தான். திருச்சிப் பகுதியினரும் வந்துபோக இது உதவியது.

கட்டணம் இல்லை என்பதால் செலவு இல்லை என்று பொருளாகாது. பந்தல், பூசை, வெளியூரிலிருந்து வருபவர்களின் தங்குமிடம், பல நாட்களுக்கு நூற்றுக்கணக்கானோருக்கு உணவு ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். அதை வித்துவான்கள் தம் கைப்பணத்தாலும், தமக்குத் தெரிந்த செல்வர்களிடம் திரட்டிய நன்கொடையாலும் ஈடுசெய்தனர். சுமை கேட்பவர் தோளிலிருந்து நடத்துபவர் தோளுக்கு மாறியது. யார் நடத்துவது என்ற கேள்வி கடுமையானதற்கு இதுவும் ஒரு காரணம். பணம் திரட்டியவர் சொல்லுக்கு மதிப்பு வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இயல்பாகவே எழுந்தது.

பெரிய கட்சியும் சின்னக் கட்சியும்

விழா தொடங்கிய சில ஆண்டுகளிலேயே நரசிம்ம பாகவதருக்கும் பஞ்சு பாகவதருக்கும் அதை நடத்தும் முறையில் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. அண்ணன் தரப்பு பெரிய கட்சி என்றும் தம்பி தரப்பு சின்னக் கட்சி என்றும் பெயர்பெற்றன. இப்பெயர்கள் அண்ணன் தம்பி முறையைக் குறித்தவையே தவிர, கூட்டத்தின் அளவைக் குறித்தவை அல்ல. சின்னக் கட்சிக்குத் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வயலின் வித்துவான் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை பெருந்துணையாக இருந்தார். வித்துவான்கள் இரண்டு தரப்பாகப் பிரிந்தனர்.

நாளடைவில் ஒரு நடைமுறை ஏற்பட்டது. சின்னக் கட்சியார் ஆராதனை நாளுக்குச் சில நாட்கள் முன்பே தொடங்கி ஆராதனை நாளன்று முடித்தனர். பெரிய கட்சியார் ஆராதனை நாளன்று தொடங்கி அதன்பின் சில நாட்கள் நடத்தினர். ஆக, கேட்பவருக்கு ஒரு விழாவுக்குப் பதில் இரண்டு விழாக்கள் கிடைத்தன. ஆராதனை நாள் மட்டும் இரு தரப்புக்கும் பொதுவாக அமைந்ததால் அன்று உரசல் தவிர்க்க முடியாததாயிற்று.

இப்பிளவுக்கு இருவரின் குணத்தை மட்டும் காரணமாகக் கூற இயலாது. சமாதி எந்த மடத்துக்கும் கோயிலுக்கும் குடும்பத்துக்கும் உரியதாக இல்லை. உரியவர் இல்லாததால் முன்பு அது பாழானது. உரியவர் இல்லாததால்தான் பின்பு எல்லாத் தரப்பும் அதற்கு உரிமை கோர முடிந்தது. பொது விழாக்கள் பலவற்றின் தொடக்கக் காலத்தில் இந்தச் சிக்கலைக் காணலாம்.

இரு கட்சிகளும் எல்லாவற்றிலும் வேறுபட்டிருந்தாலும் ஒன்றில் ஒத்திருந்தன. இரண்டு மேடைகளிலும் பெண்கள் பாட அனுமதி இல்லை.

பெங்களூர் நாகரத்தினம்மாள்

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தேவதாசி மரபில் தோன்றிய இசைக்கலைஞர். மைசூர்ப் பகுதியில் நஞ்சன்கூட்டில் பிறந்து, பெங்களூரில் புகழ்பெற்று, பின்னர் சென்னையில் வாழ்ந்தவர். கன்னடம், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றில் புலமை உடையவர். தெலுங்குப் பெண்கவி முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்துவனமு’ என்னும் நூலை 1910இல் பதிப்பித்து, அரசின் தடைக்கு ஆளானவர்.

விழா நடந்துகொண்டிருந்தபோதும் சமாதி நல்ல நிலையில் இல்லை. இரு கட்சிகளும் விழாவில் காட்டிய அக்கறையைக் கட்டடத்தில் காட்டவில்லை. சமாதியின் நிலையை நாகரத்தினம்மாளுக்கு அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா தெரிவித்தார். நாகரத்தினம்மாள் 1921இல் திருப்பணியைத் தொடங்கினார். சமாதி இருந்த நிலத்தைப் பெற்று, தம் பொருளைச் செலவிட்டு, சமாதியைச் சுற்றிக் கோயில் எழுப்பினார். தியாகராஜரின் திருவுருவமும் நிறுவப்பட்டது. 1926இல் குடமுழுக்கு நடந்தது.

கோயில் கட்டிய பெண்மணிக்கு அதன் முன்னே பாடும் உரிமை கிடைக்கவில்லை. சமாதியின் முன் கதாகாலட்சேபம் செய்ய அவர் விரும்பியபோது இரு கட்சியாரும் மறுத்தனர். அவர் விலகிப் போகவில்லை. 1927இல் பெண்களைத் திரட்டிச் சமாதிக் கோயிலின் பின்புறத்தில் தனியாக இசைவிழா நடத்தத் தொடங்கினார். இது பெண்கள் கட்சி எனப்பட்டது. தேவதாசி மரபைச் சேர்ந்த பாடகிகள் பலர் இங்கு வந்து பாடினர். ஆக, ஒரே குருவின் நினைவுநாளை ஒரே இடத்தில் மூன்று தரப்பினர் தனித்தனியே கொண்டாடினர்.

சமாதியில் வழிபடும் உரிமை பற்றிய வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. மூன்று தரப்புக்கும் வழிபாட்டு நேரம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. இதனால் பெண்கள் கட்சியும் உரிமையுள்ள ஒரு தரப்பாக நிலைபெற்றது. அதுவரை ‘அனுமதிப்பதா, மறுப்பதா’ என்று இரு கட்சிகளும் முடிவு செய்யும் நிலையில் இருந்தவர்கள், இப்போது உடன்பாடு பேச வேண்டியவர்களாயினர்.

ஒன்றுபட்ட விழா (1940–41)

மூன்று விழாக்களையும் ஒன்றாக்கும் முயற்சி 1940–41இல் நிறைவேறியது. ஐ.சி.எஸ். அதிகாரியான எஸ். ஒய். கிருஷ்ணசாமி இதில் முக்கியப் பங்காற்றினார். திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலிய முன்னணி வித்துவான்கள் துணைநின்றனர். தியாகப் பிரம்ம மகோத்சவ சபை என்ற பொது அமைப்பு விழாவை நடத்தும் பொறுப்பை ஏற்றது. பெண்களும் ஆண்களும் ஒரே விழாவில் பாடும் நிலை வந்தது.

ஒன்றுபட்ட பின் எழுந்த கேள்வி, யார் முதலில் பாடுவது, யார் எவ்வளவு நேரம் பாடுவது என்பது. இதற்குக் கிடைத்த விடை எளியது: எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் பாடுவது. கனராகப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கூட்டாகப் பாடும் நிகழ்ச்சி இவ்வாறு ஆராதனையின் மையமாயிற்று.

இக்கீர்த்தனைகள் கூட்டாகப் பாடுவதற்கு ஏற்றவையாக அமைந்ததற்கு இசை வடிவிலேயே காரணங்கள் உள்ளன.

• நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து கனராகங்களில் அமைந்த ஐந்தும் ஆதி தாளத்தில் உள்ளன. ஒரே தாளத்தில் பெருங்கூட்டம் இணைந்து செல்வது எளிது.

• சரணங்கள் முதலில் சுரமாகவும் பின்னர் அதே மெட்டில் சாகித்தியமாகவும் பாடப்படுகின்றன. மெட்டு முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பதால், தனி ஒருவர் கற்பனையாக விரித்துப் பாடும் பகுதிகளுக்கு இடமில்லை.

• இராக ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவை இன்றிப் பாடப்படுவதால், வித்துவானும் மாணவரும் ஒரே அடியில் நிற்கின்றனர்.

கச்சேரியில் ஒருவரின் மேதைமையைக் காட்டும் கூறுகள் அனைத்தும் இங்கு விலக்கப்படுகின்றன. கட்சிகளைச் சேர்த்து வைத்ததில் நிர்வாக ஏற்பாட்டுக்கு எவ்வளவு பங்குண்டோ, அவ்வளவு பங்கு இந்தப் பாடல் தேர்வுக்கும் உண்டு எனலாம்.

நாகரத்தினம்மாள் தம் கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். தம் சொத்துகளை அறக்கட்டளையாக எழுதிவைத்தார். 1952இல் மறைந்த அவருக்குத் தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே நினைவிடம் எழுப்பப்பட்டது. குருவின் சன்னதியை நோக்கி வணங்கும் கோலத்தில் அவருடைய சிலை உள்ளது.

எஞ்சிய கேள்விகள்

1941க்குப் பின் பாடும் உரிமை பற்றிய விவாதம் முடிந்துவிடவில்லை. அது வேறு வடிவம் எடுத்தது. தியாகராஜரின் கீர்த்தனைகள் தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்தவை. தமிழிசை இயக்கம் வலுப்பெற்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில், தமிழ்நாட்டின் மிகப் பெரிய இசைவிழாக்களுள் ஒன்றில் தமிழுக்கு இடம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. 1946இல் எம். எம். தண்டபாணி தேசிகர் ஆராதனையில் தமிழ்ப் பாடலைப் பாடியபோது எதிர்ப்புக் கிளம்பியது. அந்த எதிர்ப்பைக் கண்டித்துக் ‘குடி அரசு’ இதழ் எழுதியது. ஆராதனை தியாகராஜருக்கு உரியதாதலால் அவர் பாடல்களையே பாட வேண்டும் என்பது ஒரு தரப்பின் வாதம். அஞ்சலி செலுத்துபவர் தம் தாய்மொழியில் செலுத்துவதை எப்படித் தடுப்பது என்பது மறுதரப்பின் வாதம்.

பெண்கள் பாடும் உரிமை பற்றிய முந்தைய சிக்கலுக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலுமே கட்டணம் ஒரு தடையாக இருந்ததில்லை. இந்த மேடை யாருடையது, எதற்குரியது என்பதே சண்டையின் பொருள். அனுமதிச்சீட்டு இல்லாத விழாவிலும் அனுமதி என்ற ஒன்று இருக்கக்கூடும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

இன்றைய நடைமுறை

ஆராதனை பெரும்பாலும் சனவரி மாதத்தில் வருகிறது. பஞ்சமித் திதியைப் பொறுத்து நாள் மாறும். விழா வழக்கமாக ஐந்து நாட்கள் நடைபெறுகிறது. நாகசுர இசையுடன் நாள் தொடங்குகிறது. ஒவ்வொரு கலைஞருக்கும் சில நிமிடங்களே ஒதுக்கப்படுகின்றன. முழுக் கச்சேரி செய்து பழகிய வித்துவான்களும் ஒன்றிரண்டு கீர்த்தனைகள் பாடிவிட்டு மேடையை அடுத்தவருக்குக் கொடுத்து இறங்குகின்றனர்.

1939இல் திருச்சிராப்பள்ளியில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. பஞ்சரத்தினக் கூட்டிசையின் வானொலி நேரடி ஒலிபரப்பும், பின்னாளில் தொலைக்காட்சி ஒளிபரப்பும், திருவையாற்றுக்கு வர இயலாதவர்களுக்கும் விழாவைக் கொண்டு சேர்த்தன. விழாவை நடத்தும் சபைக்கு அரசியல் தலைவர் கபிஸ்தலம் ஜி. கே. மூப்பனார் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார்.

பிற விழாக்களுடன் ஒப்பீடு

குருவின் சமாதியைச் சுற்றி இசைவிழா வளர்வது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பஞ்சாபில் ஜலந்தரில் நடைபெறும் ஹரிவல்லப் சங்கீத சம்மேளனம் 1875இல் தொடங்கியது. பாபா ஹரிவல்லப் தம் குரு துளஜாகிரியின் நினைவாக, அவர் சமாதி உள்ள தேவி தலாப் குளக்கரையில் இதைத் தொடங்கினார். குரு, சமாதி, நீர்க்கரை, சீடர்களின் அஞ்சலி என்ற நான்கும் இரண்டு விழாக்களிலும் காணப்படுகின்றன.

வேறு வழியில் தோன்றிய கட்டணமில்லா விழாக்களும் உண்டு. பிரான்சில் 1982 சூன் 21 அன்று தொடங்கப்பட்ட இசைநாள், அரசின் பண்பாட்டுத் துறை முன்னெடுத்தது. அன்று தெருக்களில் யார் வேண்டுமானாலும் இசைக்கலாம். அது பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. சென்னையில் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, மீனவர் குடியிருப்பில் கருநாடக இசை, பறை முதலிய பல கலைகளை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் சமூகச் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் அதன் முன்னோடிகள். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள சமூகத் தடையைக் குறைப்பது அதன் வெளிப்படையான நோக்கமாக இருந்தது. திருவையாற்றில் பல ஆண்டுகள் போராடிப் பெற்றதை, புதிய விழாக்கள் தொடக்கத்திலேயே குறிக்கோளாக வைத்துக்கொள்கின்றன.

திருவையாற்று மாதிரியை நேரடியாகப் பின்பற்றிய விழாக்களும் பல. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் 1978 முதல் தியாகராஜர் ஆராதனை நடைபெற்று வருகிறது. தமிழர் வாழும் நகரங்கள் பலவற்றில், கோயில் மண்டபத்திலோ பள்ளி அரங்கிலோ ஒருநாள் கூடிப் பஞ்சரத்தினம் பாடும் வழக்கம் உள்ளது. மேடைக்கும் அரங்குக்கும் இடையே கோடு போடாமல், தெரிந்தவர் எல்லோரும் சேர்ந்து பாடும் அந்த முறை 1940–41இல் திருவையாற்றில் ஏற்பட்ட உடன்பாட்டிலிருந்து வந்தது.

முக்கிய ஆண்டுகள்

• 1767: தியாகராஜர் திருவாரூரில் பிறப்பு
• 1847: திருவையாற்றில் மறைவு, காவிரிக் கரையில் சமாதி
• 1903: உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் சமாதியைச் செப்பனிடல்
• 1921: நாகரத்தினம்மாளின் திருப்பணித் தொடக்கம்
• 1926: சமாதிக் கோயில் குடமுழுக்கு
• 1927: பெண்கள் கட்சியின் விழா தொடக்கம்
• 1940–41: மூன்று தரப்பும் ஒன்றுபடல், பஞ்சரத்தினக் கூட்டிசை பொது அஞ்சலியாதல்
• 1952: நாகரத்தினம்மாள் மறைவு